எலும்பில்லை என்பது ஒரு விளக்கம் ஆகுமா?

நீண்ட பதிவு. கலைச்சொல்லாக்கம், கடலுயிரியல், களமொழியியல் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் ஈடுபாடுள்ளோர் படிக்கலாம். ஏனையோர் கடந்து செல்லலாம், வருத்தமில்லை.

சென்ற மாதம் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்கப்பட்டது. மன்னார் வளைகுடாக் கரையில் கடலட்டை, கணவாய், சொறி முதலிய மெல்லுடல் உயிர்களை மீனவர் எவ்வாறு பெயரிட்டு வகைப்படுத்துகின்றனர் என்பதே அவ்வத்தியாயத்தின் பொருள். குழுவில் மூத்தவர் ஒருவர் (பெயர் வேண்டா, அவர்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவுமில்லை) இரண்டே வாக்கியங்களில் தம் தீர்ப்பைக் கூறினார். இவை கலைச்சொற்கள் அல்ல, வெறும் வழக்குகள். ஆகவே பின்னிணைப்புக்குக் கொண்டு செல்க. ஆய்வேட்டின் உடலில் பாடநூற் சொற்கள் மட்டுமே நிற்கட்டும். நான் அன்று தடுமாறினேன். நாற்பது பக்கம் எழுதியவனுக்கு நான்கு வாக்கியம் வாயில் வரவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஏளனத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். ஆனைகட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி உனக்கென்ன என்று நண்பர்கள் கேட்கின்றனர். கோவையிலிருந்து முப்பது கிலோமீட்டர், பாலத்தைக் கடந்தால் அட்டப்பாடி, சுற்றிலும் மலை. உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் இங்கே காட்டுப்பாதையில் நடந்தவர்களுக்கு மெல்லுடல் என்றால் என்னவென்று கணுக்காலே சொல்லிக்கொடுக்கும். அட்டை. அட்டப்பாடி என்னும் பெயரே அட்டைகள் மிகுந்த குடியிருப்பு என்னும் பொருளது என்று இங்கே பலரும் சொல்வர். அது மக்கள் கண்ட சொற்பிறப்பு. மொழியியலாளன் என்ற முறையில் நான் அதற்குப் பிணை நிற்க மாட்டேன். ஆயினும் ஒரு சொல் மலையிலும் கடலிலும் ஒரே வடிவில் கிடப்பதைக் கண்டதுதான் இந்த ஆய்வின் தொடக்கம். குருதி குடிக்கும் புழு அட்டை. தொட்டால் சுருளும் ஆயிரங்காலி மரவட்டை. மணலில் கிடக்கும் கடலுயிர் கடலட்டை.

இந்த இடத்தில்தான் குழுவின் முதல் எள்ளல் எழுந்தது. அட்டை வளைதசைப்புழு, மரவட்டை கணுக்காலி, கடலட்டை முட்தோலி. மூன்றையும் ஒரே பெயரில் அடைப்பவனை அறிவியல் எப்படி ஏற்கும்? ஏற்க வேண்டாம். ஆனால் அதே மூச்சில் ஆங்கிலேயன் அவ்வுயிரைக் கடல்வெள்ளரி என்று அழைப்பதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதையும் நினைவிற் கொள்க. விலங்கைக் காய்கறியோடு சேர்த்தவன் அறிஞன், விலங்கை விலங்கோடு சேர்த்தவன் பாமரன்! தமிழில் ‘கடல் வெள்ளரி’ என்று மொழிபெயர்த்து எழுதிய கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன். எழுதியவர்களின் கரையிலேயே கடலட்டை என்னும் சொல் நூற்றாண்டுகளாகக் காய்ந்துகொண்டிருந்தது.

இப்போது அவ்விலங்கின் உடலுக்கு வருவோம். பெயரைப் பற்றிய சண்டையைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தீர்க்க இயலாது.

கடலட்டையின் உடற்சுவரில் வட்டமாகச் சுற்றிய தசைப்படலம் ஒன்றுண்டு. அதன் உட்புறத்தில் நீளவாக்கில் ஐந்து தசைப்பட்டைகள் ஓடுகின்றன. அவற்றுக்குள்ளே நீர்மம் நிறைந்த பெரிய உடற்குழி. நீர்மத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதன் கன அளவு மாறுவதில்லை. ஆகவே வட்டத்தசை இறுகினால் உடல் மெலிந்து நீள்கிறது. நீளத்தசை இறுகினால் குறுகிப் பருக்கிறது. எலும்பு செய்ய வேண்டிய வேலையை, அதாவது ஒரு தசை இழுத்ததை எதிர்த்தசைக்குக் கொண்டு சேர்க்கும் வேலையை, நீர் செய்கிறது. அடிப்புறத்தில் வரிசையாகக் குழாய்க்கால்கள். அவையும் நீரழுத்தத்தால் நீள்பவை. ஒட்டி, இழுத்து, விடுத்து, மறுபடி ஒட்டுபவை. மேலிருந்து பார்ப்பவனுக்குக் கால் தெரியாது. உடல் மணல்மேல் ஒழுகுவது மட்டுமே தெரியும்.

மரவட்டையை ஒருமுறை குனிந்து பாருங்கள். அதன் கால்கள் உடலுக்கடியில் அலை அலையாக அசைகின்றன. மேலிருந்து பார்த்தால் உடல் ஒழுகுகிறது. காட்டட்டைக்குக் கால் இல்லை. ஆனால் அதன் உடலும் வட்டத்தசை, நீளத்தசை, மாறாத கன அளவு என்னும் அதே கணக்கில்தான் நீண்டு சுருங்குகிறது. இப்போது சொல்லுங்கள்: அட்டை என்று பெயரிட்டவன் எதைக் கண்டான்? பரிணாமக் கிளையை அவன் காணவில்லை, காண வழியுமில்லை. அவன் கண்டது நடையை. உறவைக் கொண்டு வகுப்பது ஒரு வகைப்பாடு, இயக்கத்தைக் கொண்டு வகுப்பது வேறொரு வகைப்பாடு. முன்னதன் அளவுகோலால் பின்னதற்கு மதிப்பெண் போட்டுப் பூச்சியம் கொடுப்பது முழத்தால் எடையை அளப்பது போன்றது. மூன்று அட்டைகளுக்கும் இடையிலான இந்த ஒற்றுமையே பெயர்க்காரணம் என்று நான் அறுதியிட்டுரைக்கவில்லை. அது என் விளக்கம், மறுப்போர் மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு முன் அது ஆய்வேட்டின் உடலில் இருந்தாக வேண்டும் அல்லவா? பின்னிணைப்பை யார் மறுக்கப்போகிறார்கள்?

பாடநூற் சொற்களின் துல்லியத்தையும் சற்றுத் தட்டிப் பார்ப்போம். முட்தோலி என்பது கிரேக்கச் சொல்லின் நேர் பெயர்ப்பு. கடலட்டையின் தோலைத் தடவிப் பாருங்கள், முள் எங்கே? நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சுண்ணாம்புத் துணுக்குகளாக அவை தேய்ந்துபோய்த் தோலுக்குள் புதைந்திருக்கின்றன. ஜெல்லி மீன் என்கிறோம். அது மீனே அன்று. பாம்பனில் சொறி என்கின்றனர். பட்டவனுக்குச் சொறியும், காரணம் அதன் உணர்விழைகளில் உள்ள கொட்டும் செல்கள். ஒரு சொல்லில் உடற்கூறு இல்லாவிட்டாலும் அனுபவமேனும் இருக்கிறது. மற்றதில் ஆங்கிலம் மட்டும் இருக்கிறது. ஏகார்ன் புழு என்பதோ இன்னும் வேடிக்கை. குருசடைத் தீவின் மணலில் குடைந்து வாழும் அப்புழுவுக்கு, தமிழ்நாட்டுப் பிள்ளை வாழ்நாளில் காணாத ஓக் மரத்தின் கொட்டையால் பெயர். அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் கிரேவ்லியின் பொறுப்பில் ஒரு தனித் தொகுதியே வெளியிட்டது. உயிரியல் மாணவரைத் தலைமுறை தலைமுறையாக அங்கே அழைத்துச் சென்று அப்புழுவைக் காட்டினோம். அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் காணும் அக்கறை மட்டும் நமக்கு வரவில்லை.

ஆனால் என் முதன்மையான சினம் இவற்றின்மேல் அன்று. முதுகெலும்பற்றவை என்னும் சொல்லின்மேல்.

1801இல் லமார்க் முதுகெலும்பில்லா விலங்குகளின் ஒழுங்கமைப்பு குறித்து நூல் எழுதியபோது அச்சொல்லுக்கு ஒரு தேவை இருந்தது. பூச்சிகள், புழுக்கள் என்று ஒதுக்கப்பட்ட பெருங்கூட்டத்தை ஆய்வுக்குரிய துறையாக்க அவருக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டியிருந்தது. இருநூறு ஆண்டு கழிந்தும் அப்பெயர்ப்பலகையையே விளக்கமாகப் படித்துக்கொண்டிருப்பது நம் குற்றம், அவர் குற்றமன்று. விலங்கினங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை இப்பெயருக்குள் அடங்கும். உலக மொழிகளையெல்லாம் ழகரமுள்ளவை, ழகரமற்றவை என இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வேடு எழுதினால் என் துறை எனக்குப் பட்டம் தருமா? தமிழனாகப் பெருமைப்படலாம், மொழியியலாளனாக வீட்டுக்குப் போகலாம்.

இல்லாததைக் கொண்டு பெயரிட்டால், இருப்பதைத் தேடும் கண் மங்கிவிடுகிறது. இளங்கலை மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். கணவாய் எப்படி நகர்கிறது? இடப்பெயர்ச்சி செய்கிறது. கடலட்டை? அதுவும் இடப்பெயர்ச்சி செய்கிறது. சொறி? அதுவும்தான். ஊர்தல், தவழ்தல், நெளிதல், குடைதல், உந்துதல், ஒட்டியிழுத்தல், சுருங்கி விரிதல் என்று நடைக்கு இத்தனை வினை வைத்திருக்கும் மொழியில், அறிவியல் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லா உயிரும் அரசு ஊழியர் போல் இடமாற்றம் பெறுகிறது.

ஒவ்வொன்றும் வேறு வேறு. சொறியின் குடை சுருங்கும்போது நீர் பின்தள்ளப்படுகிறது. இது எல்லோரும் அறிந்தது. சுருங்கிய குடை தசையின் உதவியின்றித் தன் இழைமத்தின் மீள்திறனாலேயே விரிகிறது. அவ்விரிவின்போது குடைக்கடியில் உருவாகும் நீர்ச்சுழி அதை மேலும் சற்று முன்னே தள்ளுகிறது. 2013இல் கெம்மெல், டபிரி முதலியோர் இதை அளந்தனர். ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் தொலைவு செலவில்லாமல் கிட்டுகிறது. ஓய்ந்திருக்கும்போதும் முன்னேறும் உயிர்! இதற்கு இடப்பெயர்ச்சி என்று பெயரிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறோம்.

கணவாயின் கதை வேறு. மேலுறையின் வட்டத்தசைகள் இறுக, உள்ளிருக்கும் நீர் புனல்வழியே பீறிட, உடல் பின்னோக்கிப் பாய்கிறது. அப்பாய்ச்சலுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பிழை வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பருமன். ஜே. இசட். யங் 1936இல் அதை நரம்பிழை என்று இனங்காட்டினார். ஆட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதில் மின்முனை நுழைத்து, நரம்புத் துடிப்பின் கணக்கை 1952இல் எழுதி, 1963இல் நோபல் பரிசு பெற்றனர். மனித நரம்பைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஒரு கணவாயின் ஓட்டத்துக்குக் கடன்பட்டது. (ஓர் இடைக்குறிப்பு: பாலக்காட்டுக் கணவாய்க்கு அருகிருந்து கொண்டு கணவாயைப் பற்றி எழுதுகிறாயா என்று கேலி செய்த தோழிக்கு: மலைக்கணவாயும் கடற்கணவாயும் ஒலியொப்புமை உடையவை, அதற்குமேல் எதையும் நான் சொல்வதற்கில்லை. மலையாளத்தில் கணவ என்றும் கூந்தள் என்றும் இருவேறு பெயருண்டு. எல்லை தாண்டி மீன் வாங்குவோர் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மீனவர் கணவாயை எப்படிப் பிரிக்கின்றனர்? ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய். முதலாவதன் உடலுக்குள்ளே சுண்ணாம்பு ஓடு; சித்த மருந்துக்கடையில் கடல்நுரை என்று விற்பது அதுவே. இரண்டாவது ஒல்லியாகக் கூர்ந்த உடல். மூன்றாவதற்கு ஓடும் இல்லை, திட்டமான உருவமும் இல்லை. நிறம் மாற்றும், வடிவம் மாற்றும், கண் நுழையும் இடுக்கில் உடலை நுழைக்கும். அதற்குப் பேய் என்று பெயர் வைத்தவனைப் பாமரன் என்பீர்களா? உள்ளே ஓடுண்டா, உடல் எவ்வடிவு, உருவம் நிலைத்ததா என்று மூன்று வினாக்களைக் கேட்டு அவன் பிரித்திருக்கிறான். தலைக்காலிகள் என்னும் ஒற்றைச்சொல் இவற்றுள் எதையும் கேட்கவில்லை.

பேய்க்கணவாயின் கைக்கு வருகிறேன். இவ்வத்தியாயத்தை ஒரு மொழியியல் மாணவன் எழுத நேர்ந்ததன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கையில் எலும்பு இல்லை, ஓடு இல்லை; கடலட்டைக்கு இருப்பது போன்ற நீர்ம அறையும் இல்லை. முழுவதும் தசை. நீளவாக்கு, குறுக்குவாக்கு, சாய்வாக்கு என மூவகைத் தசைக்கட்டுகள். தசையும் பெரும்பாலும் நீரே. கன அளவு மாறாது. ஒரு கணக்கு: உருளை வடிவான கையின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அதன் நீளம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். குறுக்குத்தசையின் சிறிய இறுக்கம் பெரிய நீட்சியாக மாறுகிறது. 1985இல் கியரும் சுமித்தும் இவ்வமைப்புக்கு ஒரு பொதுக்கோட்பாடு வகுத்தனர். அவர்கள் ஒரே கட்டுரையில் ஒன்றாக வைத்தவை மூன்று: கணவாய் வகைகளின் கைகள், யானையின் துதிக்கை, பாலூட்டிகள் முதலியவற்றின் நாக்கு.

யானை தம் பெயரிலேயே இருக்கும் ஊரில் அமர்ந்து அக்கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே விரிக்கப்போவதில்லை. ஆனால் நாக்கு! முதுகலையில் ஒலியியல் படித்தவன் நான். இரண்டு ஆண்டுகள் நாவின் நுனி, நடு, அடி என்று வரைந்து தள்ளியிருக்கிறேன். ழகரம் ஒலிக்க நா எப்படி மேல்வளைகிறது என்று வகுப்பில் விளக்கியுமிருக்கிறேன். எலும்பில்லாத ஓர் உறுப்பு எதை ஊன்றிக்கொண்டு வளைகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீளம், குறுக்கு, செங்குத்து என நாவின் உள்தசைகள் ஒன்றையொன்று ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கின்றன. பேய்க்கணவாயின் கையும் அப்படியே. நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்று நம் ஊரில் பழிப்பார்கள். நரம்பு நிறையவே உண்டு, இல்லாதது எலும்பு. அது இல்லாததால்தான் பேசுகிறது.

தொல்காப்பியர் பிறப்பியலில் என்ன செய்தார்? எலும்பில்லாத அவ்வுறுப்பை அவர் ‘எலும்பற்றது’ என்று வரையறுத்துவிட்டு நிற்கவில்லை. ரகர ழகரங்களுக்கு நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதைச் சொன்னார். அசைவைச் சொன்னார். மெல்லுடலைப் பற்றி எழுதும் முறை அதுவே. அதை அவர் எழுத்துக்குச் செய்ததை நாம் உயிருக்குச் செய்ய மறுக்கிறோம்.

இதைப் படித்ததும் கைதட்டத் தயாராகும் இன்னொரு கூட்டத்தையும் நான் அறிவேன். பார்த்தீர்களா, அன்றே எல்லாம் தெரிந்திருந்தது என்று பகிரப்போகிறவர்கள். தயைகூர்ந்து பகிர வேண்டாம். மரபியலில் நந்தும் முரளும் ஈரறிவுயிர்களாக வைக்கப்பட்டிருப்பதை எடுத்துக்கொண்டு தமிழர் கடலுயிரியல் என்று விழியம் செய்கிறீர்கள். அது புலன்களின் எண்ணிக்கையால் வகுத்த வகைப்பாடு, நுட்பமானது, ஆனால் அதில் கடலட்டையும் இல்லை, குழாய்க்காலும் இல்லை. பேய்க்கணவாய்க்கு ஐம்பது கோடி நரம்பணுக்கள், அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன என்பதை எந்த மரபும் சொல்லித் தரவில்லை. தொலைவிலுள்ள இரையை வாய்க்குக் கொண்டுவர அது தன் கையில் மூட்டுகள் போன்ற மடிப்புகளைத் தற்காலிகமாக உண்டாக்கி, நம் முழங்கையைப் போலவே மடக்குகிறது என்பது 2005இல் ஹோக்னெர் குழுவினர் அளந்து கண்டது. மீனவர் சொற்களுக்கும் எல்லை உண்டு. விலைபோகாத, கொட்டாத, வலையில் சிக்காத நுண்ணுயிர்களுக்கு என் களப்பணியில் பெயர் எதுவும் கிட்டவில்லை. சொறி என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனையோ இனங்கள் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். முன்னோரை வியப்பவர்களும் மீனவரைப் பின்னிணைப்புக்கு அனுப்புபவர்களும் எனக்கு ஒருவரே. இருவருமே அச்சொற்களைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நூலட்டை ஒன்று போதும். வெள்ளையட்டை, குச்சியட்டை, ராஜாவட்டை, நூலட்டை என்று இக்கரையில் வழங்கும் பெயர்களை மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் பணியாற்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் டி. பி. ஜேம்ஸ் தம் கட்டுரைகளில் பொறுப்போடு பதிவு செய்திருக்கிறார், அவருக்கு நன்றி. நூலட்டையைச் சீண்டினால் அது குதவழியே வெள்ளை நூல்களை வெளித்தள்ளும். அந்நூல்கள் நீரில் நீண்டு, பட்ட இடத்தில் நொடிகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். தாக்க வந்த நண்டோ மீனோ சிக்கிக்கொள்ளும். விலங்கியலில் அவ்வுறுப்புக்குக் குவியே நுண்குழல்கள் என்று பெயர். பாரிசில் இருந்த குவியேயின் பெயரை உறுப்பு சுமக்கிறது. அதே உறுப்பைக் கண்டு விலங்குக்கே பெயரிட்டவன் ‘உள்ளூர்ப் பெயர்’ என்னும் அட்டவணைப் பத்தியில், சாய்வெழுத்தில், அடைப்புக்குறிக்குள் கிடக்கிறான்.

இன்னொன்று. கடலட்டையைக் கையில் எடுத்தால் முதலில் விறைக்கும். சிலவகைகளை நெடுநேரம் கசக்கினால் தோலே இளகிக் கூழாகும். அதன் உடற்சுவரின் இணைப்பிழைமம் நரம்பின் ஆணைக்கேற்ப நொடிகளில் விறைப்பும் இளக்கமும் மாறக்கூடியது. ஜப்பானிய அறிஞர் மோட்டோகாவா 1984இல் இதைத் தொகுத்தெழுதினார். தசையைச் செலவழிக்காமல் உடலை உறையவைக்கும் உத்தி இது. 2008இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதைப் பார்த்து, ஈரம் பட்டால் இளகும் செயற்கைப் பொருள் ஒன்றைச் செய்தனர். ‘சயன்சு’ இதழில் வெளிவந்தது. மூளைக்குள் வைக்கும் மின்முனைகளுக்குப் பயன்படும் என்றனர். அட்டையை எடுத்த கையோடு தோணியில் நிழலில் போட வேண்டும், கசக்கக் கூடாது, குவிக்கக் கூடாது என்று கரையில் ஒரு முதியவர் எனக்கு விளக்கியதும் இதே இழைமத்தைப் பற்றித்தான். ஒன்று மேற்கோள், மற்றொன்று பின்னிணைப்பு.

இதுவரை சொன்னவை மதிப்பைப் பற்றிய சண்டை. வயிற்றைப் பற்றியதும் உண்டு.

1982இல் பதப்படுத்திய கடலட்டை 75 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் ஏற்றுமதி கூடாது என நடுவணரசு விதித்தது. உலர்த்தியதற்கு அளவு வைப்பது எளிது. ஆனால் கடலுக்குள் மூச்சடக்கி மூழ்கியவன் கையில் இருப்பது உயிருள்ள அட்டை. வட்டத்தசை இறுகினால் ஒரு நீளம், நீளத்தசை இறுகினால் வேறு நீளம், நீரை வெளியேற்றினால் இன்னொரு நீளம். வேகவைத்துக் காயவைத்தால் எவ்வளவாகச் சுருங்கும் என்பது வகைக்கு வகை வேறுபடும். அட்டையின் நீளத்தை நம்பாதே என்பது இத்துறை ஆய்வாளர் அனைவரும் அறிந்த பாலபாடம். எலும்புள்ள மீனுக்குப் பொருந்தும் அளவுகோலை எலும்பில்லாததற்கு வைத்தனர். இளம் அட்டைகள் பிடிபட்டுக்கொண்டே இருந்தன.

பிறகு 2001இல் கடலட்டை இனங்கள் அனைத்தும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியோடு அட்டை. அளவிறந்த பிடிப்பு உண்மை, வளம் குன்றியது உண்மை. அதை மறைத்துப் பேசும் எவரோடும் நான் இல்லை. தடையை நீக்குக என்பதும் இப்பதிவின் வேண்டுகோள் அன்று. ஆனால் சந்தைக்குப் போன ஒருசில இனங்களுக்கும், யாரும் தொடாத நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களுக்கும் ஒரே சொல், ஒரே தண்டனை. வெள்ளையட்டையும் குச்சியட்டையும் வேறு வேறு விலை, வேறு வேறு ஆழம், வேறு வேறு தரை என்று பிரித்தறிந்தவனிடம் கேட்டிருந்தால், எதை எத்தனை காலம் விட்டுவைப்பது என்று பேசத் தொடங்கியிருக்கலாம். கேட்பதற்குச் சொல் வேண்டும். அச்சொற்கள் அப்போது யாருடைய பின்னிணைப்பில் கிடந்தனவோ!

வெள்ளையட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்ப்பதில் 1988இலேயே தூத்துக்குடியில் வெற்றி கண்ட நாடு இது. இன்று அதே வெள்ளையட்டை, பாக்கு நீரிணையின் மறுகரையில், மன்னாரிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் பண்ணைகளில் வளர்கிறது. அப்பண்ணைகள் யாருக்குச் சொந்தம், சிறுமீனவரின் கடல் எங்கே போனது என்று அங்கே வேறொரு சண்டை நடக்கிறது. இரு கரையிலும் அதற்குப் பெயர் கடலட்டைதான். ஒரு கரையில் அதைத் தொட்டவன் குற்றவாளி, மறுகரையில் உரிமம் பெற்ற பண்ணையாளன். அவ்வுயிர்க்கு எல்லை தெரியாது; எல்லையோரத்தில் வாழும் எனக்கு அது தெரிவதுண்டு. பாலத்துக்கு இப்பால் தமிழ், அப்பால் மலையாளம் என்று அரசு பிரித்திருக்கும் ஊரில், மழை பெய்தால் அட்டை இருபுறமும் அட்டைதான்.

குழுவின் மூத்தவர் இப்பதிவைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஐயா, தங்கள் கருத்தில் ஒன்றை ஏற்கிறேன்: என் அட்டவணை மூன்றில் உள்ளூர்ப் பெயர்களை விலங்கியற் பெயர்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தியது பிழை. ஒரு மீனவச்சொல் இரண்டு இனங்களைத் தழுவும் இடங்களும், ஓர் இனம் வளர்ச்சிப் பருவத்துக்கேற்ப இரண்டு பெயர் பெறும் இடங்களும் உள்ளன. அதைத் திருத்தி, ஒவ்வொரு சொல்லும் உடலின் எந்தக் கூற்றை அல்லது எந்த அசைவைப் பிடிக்கிறது என்னும் புதிய பத்தியொன்றைச் சேர்த்திருக்கிறேன். பத்தித்தலைப்புக்கு ‘உள்ளூர்ப் பெயர்’ என்பதை நீக்கிவிட்டுப் ‘பெயர்’ என்று மட்டும் இட்டிருக்கிறேன். குழாய்க்கால்கள் உறிஞ்சி ஒட்டுகின்றன என்று பள்ளியில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த வரியும் மாற்றப்பட்டுள்ளது. அவை பெரும்பாலும் பசைச்சுரப்பால் ஒட்டி, வேறொரு சுரப்பால் விடுபடுகின்றன என்பது சில பத்தாண்டுகளாகவே தெரிந்த செய்தி. கலைச்சொற் பட்டியல்கள் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன.

திருத்திய அத்தியாயம் வரும் திங்களன்று தங்கள் மேசைக்கு வரும். பின்னிணைப்பு இராது. நிராகரிப்பதாயின் எழுத்தில் காரணம் தருக. மறுமொழி எழுதக் காத்திருக்கிறேன். இராமநாதபுரம், தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளைச் சேர்ந்த நண்பர்கள் தம் ஊரில் சொறிக்கும் அட்டைக்கும் வழங்கும் பெயர்களைக் கீழே எழுதினால் உதவியாக இருக்கும். எந்த உயிருக்கு அப்பெயர், ஏன் அப்படி அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள்.